காசில்: கோட்டையா, அரண்மனையா?

ஆங்கிலத்தில் 'காசில்' என்று வந்தால் நம் செய்தித்தாள்கள் ஒருநாள் கோட்டை என்று எழுதுகின்றன, இன்னொரு நாள் அரண்மனை என்கின்றன. லண்டனுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் அரச குடும்பம் குடியிருக்கும் விண்ட்சர் காசிலுக்கு இரண்டு பட்டமும் உண்டு. எது சரி?

பொருளை முதலில் பார்ப்போம். ஒரு பிரபு தன் குடும்பத்தோடு குடியிருக்க, மதிலும் கோபுரமும் வைத்துக் காவலோடு கட்டிக்கொண்ட வீடுதான் காசில். படை மட்டும் தங்குகிற இடத்தை ஃபோர்ட் என்பார்கள். காவலைப் பற்றிக் கவலைப்படாமல் சொகுசுக்குக் கட்டியது பேலஸ். ஆக, காசிலில் அரணும் இருக்க வேண்டும், குடித்தனமும் நடக்க வேண்டும்.

லத்தீனில் காஸ்ட்ரும் என்றால் அரண் சூழ்ந்த இடம். அதன் சிறு வடிவம் காஸ்டெல்லும். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியரின் பிரெஞ்சு வழியாக அது காசில் ஆனது. வேல்ஸ் மொழியில் காஸ்டெல். பிரெஞ்சு ஷாத்தோவும் இதே வேர்தான், ஆனால் இன்று அது பெரும்பாலும் சொகுசு மாளிகையைக் குறிக்கிறது.

அரணிலிருந்து சொகுசு வீட்டுக்கு நழுவும் அந்த வழுக்கலைக் கல்லிலேயே பார்க்க வேண்டுமென்றால் வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊரை ஒட்டி நிற்கும் போவிஸ் காசிலுக்குப் போகலாம். 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர் ஒருவர் எழுப்பியது. சிவந்த மணற்கல்லால் ஆனதால் உள்ளூரார் 'காஸ்டெல் கோக்' என்றார்கள். அதாவது செங்கோட்டை! 1587-இல் சர் எட்வர்டு ஹெர்பர்ட் அதை வாங்கினார். அப்புறம் அது வீடாக மாறத் தொடங்கியது: நீண்ட கூடம், சுதை வேலைப்பாட்டுக் கூரை, ஆடம்பரப் படுக்கையறை. எதிரி ஏறிவரக் கூடாதென்று தேர்ந்த செங்குத்துச் சரிவில், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாகத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார்கள்.

1784-இல் அந்த வீட்டுப் பெண் ஹென்றியட்டா, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவை மணந்தார். இந்த எட்வர்டுதான் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததும், கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் (இரண்டும் 1799), 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானதும் இவர் காலத்தில்தான். இங்கே ஒரு கோட்டையை இடித்த ஆட்சியின் தலைவருக்கு அங்கே ஒரு கோட்டை குடும்ப வீடு! திப்புவின் கூடாரமும், அவருடைய அரியணையை அலங்கரித்த பொற்புலித் தலைகளில் ஒன்றும் இன்றும் போவிஸில்தான் இருக்கின்றன. திப்புவை வென்ற நினைவாக எட்வர்டு கட்டிய விருந்து மண்டபம் நம் ராஜாஜி ஹால். போவிஸ் 1952-இல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் கைக்குப் போனது. ஹெர்பர்ட் குடும்பம் ஒரு பகுதியில் தொடர்ந்து வாழ்ந்து வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். கோட்டை பழைய திராவிடச் சொல். கன்னடத்தில் கோட்டெ, தெலுங்கு மலையாளத்தில் கோட்ட. ஆனால் நம் கோட்டை என்பது ஒரு குடும்பத்தின் வீடு அல்ல. அதற்குள் ஊர் இருக்கும், கோயில் இருக்கும், குளம் இருக்கும், செஞ்சியைப் போல. காசிலில் உள்ள குடித்தனம் இந்தச் சொல்லில் விடுபட்டுப் போகிறது.

அரண்மனையைப் பிரித்துப் பாருங்கள்: அரண் + மனை. காவலுள்ள வீடு. காசிலுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? அரணுக்கு உயரம், அகலம், திண்மை, அருமை நான்கும் வேண்டும் என்கிறது குறள். அந்த அரணுக்குள் மனை இருந்தால் அரண்மனை. அது மன்னர் வீடு மட்டுந்தானே என்று கேட்கலாம். இல்லை. தென் மாவட்டங்களில் ஜமீன்தார் வீட்டையும் அரண்மனை என்றுதான் சொல்கிறோம். போவிஸ் பிரபு முடிசூடிய மன்னர் இல்லை, ஏறக்குறைய ஜமீன்தார் நிலைதான். பேலஸுக்கும் இதே சொல் போய்விடுகிறதே என்றால், அதற்கு மாளிகை இருக்கிறது.

என் கணக்கில் வேல்ஸிலுள்ள ஹார்லெக் காசில் போலக் குடித்தனம் அற்றுப்போய் மதில் மட்டும் மிஞ்சியவற்றைக் கோட்டை என்றே எழுதலாம். போவிஸ், அதே வேல்ஸின் சர்க் காசில் போலத் தலைமுறைகள் குடியிருந்தவற்றுக்கு அரண்மனை. விண்ட்சருக்கும் அதுதான்.