மன்னர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும்?

இன்றும் 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அரசரோ அரசியோதான் தலைவர். சவூதி அரேபியா, புருனே, எஸ்வாத்தினி போன்ற சில நாடுகளில் ஆட்சி அதிகாரமே மன்னர் கையில் இருக்கிறது. மற்ற பெரும்பாலான முடியாட்சிகளில் ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. அங்கெல்லாம் மன்னர் பெயருக்குத்தான் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த நாடுகள் பலவற்றில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாகூட மன்னர் ஒப்புதல் தந்த பிறகே சட்டமாகிறது. ஒருநாள் அவர் மாட்டேன் என்றால்?

மன்னரின் கையைக் கட்டிவைப்பது பெரும்பாலும் இன்னொருவரின் கையெழுத்து. பெல்ஜிய அரசியல் சாசனப்படி, அமைச்சர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் மன்னரின் ஆணை செல்லுபடியாகும். மன்னரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அமைச்சரிடம் நாடாளுமன்றம் கேட்கலாம். எனவே பொறுப்பும் அதிகாரமும் அமைச்சருக்குப் போய்விடுகின்றன. ஜப்பானிலும் அப்படியே. 1947இல் நடைமுறைக்கு வந்த சாசனம், அரசு அலுவல் சார்ந்து பேரரசர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் அமைச்சரவையின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்கிறது.

இந்த ஏற்பாடு மன்னர் தன் விருப்பப்படி எதையும் செய்துவிடாமல் தடுக்கும். செய்ய வேண்டியதை அவர் செய்யாமல் இருந்தால்? அதற்கு இதில் பதில் இல்லை.

பிரிட்டனில் அந்த இடைவெளியை மரபு அடைத்திருக்கிறது. அங்கே ஒரு மசோதாவுக்குக் கடைசியாக ஒப்புதல் மறுத்தவர் ஆன் அரசி. ஆண்டு 1708, ஸ்காட்லாந்தில் குடிப்படை அமைப்பது பற்றிய மசோதா அது. அதையும் அமைச்சர்கள் சொல்லித்தான் மறுத்தார். அதன்பின் மூன்று நூற்றாண்டுகளாக யாரும் மறுத்ததில்லை. எழுதப்படாத ஒரு வழக்கம் இவ்வளவு உறுதியாக நிற்பதை நான் உண்மையிலேயே வியக்கிறேன்.

பெல்ஜியத்தில் 1990இல் அந்த நாள் வந்தே விட்டது. சில நிபந்தனைகளோடு கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. மன்னர் போதுவன் ஆழ்ந்த கத்தோலிக்கர், குழந்தை இல்லாதவர். என் மனசாட்சி இதற்கு இடம் தராது, அதே சமயம் நாடாளுமன்றத்தின் முடிவுக்குக் குறுக்கே நிற்கவும் விரும்பவில்லை என்று பிரதமர் வில்ஃப்ரீட் மார்ட்டன்ஸுக்கு எழுதினார். சாசனத்தில் ஒரு பிரிவு உண்டு: மன்னர் ஆள இயலாத நிலையில் இருந்தால் அவருடைய அதிகாரங்களை அமைச்சரவை கூட்டாகச் செலுத்தலாம். 1940இல் மன்னர் மூன்றாம் லியோபோல்ட் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டபோது கைகொடுத்த பிரிவு அது. ஏப்ரல் தொடக்கத்தில் அதை மறுபடி எடுத்தார்கள். போதுவன் ஆள இயலாதவர் என்று அறிவித்தார்கள், அமைச்சர்கள் எல்லோருமாகச் சட்டத்தில் கையெழுத்திட்டார்கள், ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றம் வாக்களித்து அவருக்கு அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. சட்டமும் வந்தது, மன்னரின் மனசாட்சிக்கும் பங்கமில்லை. புத்திசாலித்தனமான வழிதான். ஆனாலும் சிறைப்பட்ட மன்னருக்குப் பொருந்திய பிரிவை, அரண்மனையில் நலமாக இருந்த ஒருவருக்கு நீட்டியது சரியான முன்னுதாரணம் அல்ல என்றே நினைக்கிறேன். அடுத்த மன்னரும் இப்படி மறுத்தால், ஒவ்வொரு முறையும் அவரை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க முடியாது.

லக்ஸம்பர்க் சாசனத்தையே திருத்தியது. கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று 2008 டிசம்பரில் அந்த நாட்டின் முடியாட்சித் தலைவரான கோமகன் ஆன்ரி அறிவித்தார். பிரச்சினை அவருடைய ஒப்புதல் என்றால், அந்த ஒப்புதலே தேவையில்லை என்று முடிவானது. 2009 முதல் சட்டத்தை முறைப்படி வெளியிடுவது மட்டுமே கோமகனின் வேலை. ஸ்வீடன் இதை நெருக்கடி எதுவும் வராமலே செய்துமுடித்திருந்தது. 1975இல் நடைமுறைக்கு வந்த சாசனப்படி அங்கே மன்னர் சட்டங்களில் கையெழுத்திடுவதில்லை. பிரதமர் பெயரை முன்மொழிவதுகூட நாடாளுமன்ற சபாநாயகர்தான்.

லீக்டன்ஸ்டைன் நேர்மாறான வழியில் போனது. சுமார் 40,000 பேர் வாழும் அந்த நாட்டில், மக்கள் வாக்கெடுப்பில் வென்ற சட்டத்தையும் நாட்டின் தலைவரான இளவரசர் தடுக்கலாம். அரசைக் கலைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. வாக்கெடுப்பில் மக்கள் ஏற்ற சட்டத்தை அவர் தடுக்கக் கூடாது என்ற யோசனை 2012இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். இந்த முடிவைப் புரிந்துகொள்ள 2003இல் அவர்கள் ஏற்ற சாசனத் திருத்தத்தைப் பார்க்க வேண்டும். இளவரசருக்கு அத்தனை அதிகாரம் தந்த அதே திருத்தம், முடியாட்சியையே வாக்கெடுப்பால் ஒழிக்கும் உரிமையை மக்களுக்குத் தந்தது. அதற்கு மட்டும் இளவரசரின் ஒப்புதல் தேவையில்லை.