களிம்பு: செம்பிலிருந்து தோலுக்கு வந்த சொல்

மட்டக்களப்பில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா, "மனே, பாலுண்ணிக்குப் பூசுற ஓயின்மன்ற் ஒண்டு தா" என்றார். வைத்தியரின் துண்டு இல்லாமல் தர ஏலாது என்றான் கடைப் பொடியன். அவர் கேட்ட பொருளுக்கு எழுத்துத் தமிழில் களிம்பு என்போம். ஆனால் களிம்பின் முதற்பொருள் மருந்தே இல்லை.

திருவிழாவுக்கு முன் அம்மம்மா செம்புக்குடத்தை வெளியே எடுப்பார். கழுத்து மடிப்பில் பச்சையாக ஒட்டியிருக்கும். பழப்புளியும் உப்பும் வைத்துத் தேய்க்கத் தேய்க்கச் செம்பு சிவந்து வரும். அந்தப் பச்சைதான் களிம்பு. உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் இதுவே. "களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி" என்பது திருமூலர் வாக்கு. அழுக்கின் பெயர் எப்படி மருந்துக்கு வந்தது? இரண்டும் மேலே படிபவை என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்தான்.

இன்று களிம்பு என்றால் எரிவை ஆற்றும், அள்ளித் தேய்க்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இமிகுவிமொட் போன்ற மருந்துக்கு அந்த எண்ணம் ஆகாது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த 5% கிறீம் மருவை உண்டாக்கும் வைரஸை நேரே கொல்வதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பூசிய இடத்தில் உசுப்பிவிடுகிறது. அதனால் தோல் சிவக்கும், உரியும், பொருக்குக் கட்டும். பலர் பயந்து இடையில் விடுவதும், இன்னும் கொஞ்சம் கூடப் பூசுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அந்தரங்க இடத்தின் வெளிப்புற மருவுக்கு வழக்கமாக வாரத்தில் 3 இரவு. மெல்லிதாகப் பூசி, 6 முதல் 10 மணி நேரம் கழித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். வெயிலால் வந்த தடிப்புக்குக் கணக்கு வேறு, அதை வைத்தியர் சொல்வார். பூசிய இடத்தைக் காற்றுப் புகாமல் கட்டக்கூடாது. கண், உதடு, மூக்குத் துளை பக்கம் போகக்கூடாது. உறவுக்கு முன் கழுவிவிட வேண்டும், ஆணுறை றப்பரையும் இது பலவீனமாக்கும். ஒரு நாள் மறந்தால் மறுகா இரட்டிப்பாகப் பூச வேண்டாம். புண்ணாகி வலித்தால், காய்ச்சல் வந்தால் கழுவி நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். கையில் உள்ள பாலுண்ணிக்கு அடுத்த வீட்டாரின் மிச்சப் பொட்டலத்தை வாங்குவது வேண்டாம். அதைக் குதிரைமயிரால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

சரி, இந்தக் கிறீமுக்குத் தமிழ்ச்சொல்? எண்ணெய்ப்பசை மிகுந்த ஓயின்மன்ற்றுக்குக் களிம்பு பொருந்தும். தண்ணீரும் எண்ணெயும் கலந்த கிறீமை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கிறீமின் நேர்ப்பொருளான பாலேடு என்று எழுதினால் யாரும் வாயில் வைத்துவிடுவார்கள். என் தேர்வு பூசுமருந்து. அந்த அம்மா 'பூசுற' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நோயின் பெயரும் பார்க்க வேண்டும். வெயிலால் வரும் அந்தத் தடிப்பின் மருத்துவப் பெயர் ஆக்டினிக் கெரட்டோசிஸ், கிரேக்கத்தில் கதிர், கொம்பு என்ற சொற்களிலிருந்து வந்தது. வெள்ளைத் தோலில் அதிகம், நம் நிறத்தில் குறைவு. வயலிலும் கடலிலும் வெயில் குடித்த தோலில் சொரசொரப்பு ஆறாமல் நின்றால், வெயில் தடிப்பு என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு பூசத் தொடங்காமல், அதைக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.