மெஜந்தா கோட்டுக்குப் பின்னால் யார்?

செஸ்னா 172 மாதிரி குட்டி விமானங்களில் முன்பெல்லாம் விமானிக்கு எதிரே ஆறு வட்ட மீட்டர்கள் இருக்கும், வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, திசைக்கு ஒன்று என்று. 2004 வாக்கில் கார்மின் ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் தொகுப்பு வந்த பிறகு அந்த இடத்தை இரண்டு பெரிய திரைகள் பிடித்துக்கொண்டன. இடது பக்கம் தொடுவானம், வேகம், உயரம். வலது பக்கம் மேப்பும் இன்ஜின் விவரங்களும். போக வேண்டிய பாதை மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) நிறக் கோடாக ஓடும். யூடியூபில் இதைப் பார்க்கிற ராயபுரத்துப் பையன்கள் "எல்லாத்தையும் ஜிபிஎஸ் பார்த்துக்குது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுதான் இல்லை.

ஜிபிஎஸ்ஸுக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து, ரிசீவர் தன் இடத்தையும் அந்த இடம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான். மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது, இறக்கை சாய்ந்திருக்கிறதா, எதிரே வரும் காற்றின் வேகம் என்ன, எதுவும் அதற்குத் தெரியாது.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது படகின் அணியம், அதாவது முன்முனை, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், ஜிபிஎஸ் திரையில் தடம் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஆகாயத்தில் காற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எண்ணூரில் இருந்து பழவேற்காடு பக்கமாக ஒரு செஸ்னா நேர் வடக்கே 110 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதியக் கடற்காற்று கிழக்கிலிருந்து 20 நாட். மூக்கை நேர் வடக்கே வைத்தால் பத்தே நிமிடத்தில் 6 கி.மீ. மேற்கே தள்ளிவிடும். கோட்டின் மேலேயே போக வேண்டுமானால் மூக்கைப் பத்து டிகிரி கிழக்கே திருப்பி வைத்துப் பறக்க வேண்டும். திரையின் ஓரத்தில் காற்றின் திசையும் வேகமும் ஒரு சின்ன அம்புக்குறியாகத் தெரியும், ஆனால் காற்றை நேராக அளக்கும் கருவி எதுவும் விமானத்தில் கிடையாது. இறக்கைக்குக் கீழே துருத்தி நிற்கும் பிட்டோ குழாயும் ஏர் டேட்டா கம்ப்யூட்டரும் சேர்ந்து காற்றுக்குள் போகும் வேகத்தைச் சொல்கின்றன. பூமியின் காந்தத்தை உணரும் மேக்னெட்டோமீட்டரும், சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கைரோ பெட்டியும் மூக்கின் திசையைச் சொல்கின்றன. ஜிபிஎஸ் தரைக்கு மேல் உண்மையில் போன தடத்தைச் சொல்கிறது. கணக்கில் இடிக்கிற மிச்சம்தான் காற்று! இந்தச் சின்ன அம்புக்குறிதான் அந்தத் திரையிலேயே கெட்டிக்காரத்தனமான விஷயம் என்பேன்.

உயரமும் அப்படித்தான். விமானி பார்க்கும் உயரம் ஜிபிஎஸ் உயரம் இல்லை, காற்றழுத்தத்தில் இருந்து வருவது. ஒரே வான்பரப்பில் பறக்கும் எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்தால்தானே ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருக்க முடியும்.

மேப் வேறு கதை. ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றிய தடைசெய்யப்பட்ட வான்பரப்பு திரையில் தெரிகிறது என்றால் அது மெமரி கார்டு வழியாக ஏற்றி வைத்த தகவலில் இருந்து வருகிறது. 28 நாளைக்கு ஒருமுறை அந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் சரியாக இருக்கும், கோடு பழசாக இருக்கும்.

சரி, இடமாவது துல்லியமா? நம் ஊரில் அதிலும் ஒரு வில்லங்கம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போவதால், இங்கே அயனி மண்டலம் (மேலே மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு) சிக்னலை நிறையத் தாமதப்படுத்தும், அதிலும் சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் சிக்னலே நடுங்கும். தாமதத்தால் வரும் பிழையை 15 தரை நிலையங்கள் அளந்து, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தம் அனுப்புவதுதான் நம்முடைய ககன் அமைப்பு. அதைப் பிடிக்கும் ரிசீவர் விமானத்தில் இருக்க வேண்டும், பழைய பெட்டிகளில் இருக்காது. அதே ககன் வழியாக மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவியும் 2019-ல் வந்தது.

அப்புறம், பழுது. ஒரு திரை அணைந்தால் சிவப்புப் பட்டனை அழுத்தலாம், பறக்கத் தேவையானதெல்லாம் இன்னொரு திரைக்கு வந்துவிடும். எந்தப் பெட்டி போனதோ அதன் அளவீட்டின் மேல் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி விழும். ஜிபிஎஸ் சிக்னலே போய்விட்டால்? தொடுவானம், வேகம், உயரம் மூன்றும் அப்படியே இருக்கும். மேப்பில் குட்டி விமானமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் இப்போது அது வெறும் ஊகம். கடைசியாகத் தெரிந்த காற்றை வைத்துக்கொண்டு, மூக்கின் திசையையும் வேகத்தையும் கூட்டிக் கழித்து நகர்த்துகிறது, காற்று மாறினால் அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் விமானி சென்னை விமான நிலையத்தின் விஓஆர் ரேடியோவை (தரையில் இருந்து திசை காட்டும் நிலையம்) டியூன் செய்து, வழிகாட்டும் ஊசி எதைப் பின்பற்ற வேண்டும் என்று மாற்றும் சிடிஐ பட்டனை அழுத்துவார். மெஜந்தா ஊசி போய் பச்சை ஊசி வரும். பச்சை என்றால் தரையில் இருக்கும் நிலையத்தில் இருந்து வருகிறது என்று அர்த்தம்.