மூன்று டெசிபலில் பாதிக் காடு

நகரத்துப் பூங்காவில் ஒருவர் கையடக்க புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால், 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரும்பாலும் காதிலேயே விழாது. அதே ஆள், அதே ஸ்பீக்கர், அதே ஒலியளவு, ஆனால் இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஓர் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்வோம். அங்கே அரை கிலோமீட்டருக்கு அப்பால் கூடாரம் அடித்திருப்பவரும் அந்தப் பாட்டைக் கேட்டாக வேண்டும். பாட்டு வைத்தவர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஊரில் பழகிய காது அவருக்குத் தவறான கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சரியான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் (ஒலியளவைக் குறிக்கும் அலகு) குறைகிறது. ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் எதிரில் 80 டெசிபல் இருந்தால், 10 மீட்டரில் 60, 100 மீட்டரில் 40. ஒலி எந்த இடத்தில் மறைகிறது என்பது அங்குள்ள பின்னணி ஒலியைப் பொறுத்தது. சுற்றிலும் 45 டெசிபல் இரைச்சல் உள்ள ஊரில் அந்தப் பாட்டு சுமார் 56 மீட்டரில் கரைந்துவிடும். காற்று அடங்கிய மலைக்காட்டில் பின்னணி 25 டெசிபலுக்கு இறங்குவது சாதாரணம். அங்கே அதே பாட்டு பின்னணியோடு கலந்து மறைய சுமார் 560 மீட்டர் ஆகும். தூரம் பத்து மடங்கு என்றால் பாட்டு நிரம்பும் பரப்பு நூறு மடங்கு. இது மரமும் மேடும் இல்லாத வெட்டவெளிக் கணக்கு. உண்மையான காட்டில் ஊசியிலைச் சருகு மூடிய மண்ணும் புதரும் கொஞ்சம் ஒலியை விழுங்கும். ஆனால் சியராவின் உயரமான ஏரிகள் பலவற்றைச் சுற்றி இருப்பது வெறும் கருங்கல் பாறை. பாறை எதையும் விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது.

இதுவரை சொன்னது பாட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பது. அது அங்குள்ள மற்ற ஒலிகளை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

ஒரு விலங்கு தன்னைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை ஒரு மெல்லிய சத்தத்தைக் கேட்க முடியுமோ, அந்த வட்டத்தைக் கேட்கும் பரப்பு என்று ஒலிச்சூழல் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பின்னணி இரைச்சல் 3 டெசிபல் கூடினால் இந்தப் பரப்பு பாதியாகிறது. 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மனிதக் காதுக்கு 3 டெசிபல் வித்தியாசம் கவனித்தால் தெரியும், கவனிக்காவிட்டால் தெரியாது. அந்த அளவுக்குள் பாதிக் காடு கைவிட்டுப் போகிறது.

சியராவிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் புல்வெளிகளின் ஓரத்தில் வாழும் பெரிய சாம்பல் ஆந்தையை எடுத்துக்கொள்வோம். வட்டத்தட்டு போன்ற அதன் முகமே ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் அமைப்பு. இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்று கீழே. ஒரே சத்தம் இரு காதுகளையும் நுணுக்கமான வேறுபாட்டுடன் அடைவதால், எலி எந்தத் திசையில், எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை ஆந்தை கண்ணால் பாராமலே அறிந்துகொள்கிறது. பனிக்குள் சுரங்கம் போட்டு ஓடும் சிற்றெலியைக்கூட மேலிருந்தே கேட்டுப் பாய்ந்து கால்களால் பற்றிவிடும். கீச்சொலிகளைப் பனி உறிஞ்சிவிடுவதால் மேலே கசிந்து வருவது தாழ்ந்த அதிர்வெண் ஒலிதான். ஒலியை மறைப்பதில் வல்லது அதே அதிர்வெண்ணில் உள்ள இன்னோர் ஒலி. பாட்டின் கீச்சுப் பகுதிகளைக் காற்றே நூறு மீட்டருக்குள் நன்றாகத் தேய்த்துவிடுகிறது. தொலைதூரம் வரை தேயாமல் போவது தாளத்தின் ‘தும் தும்’ என்ற அடிநாதம். ஆந்தை உயிர்வாழ நம்பியிருக்கும் அதே அலைவரிசையில்தான் அது போய் உட்காருகிறது.

இந்த ஆந்தைக்கு எலியின் அசைவு 100 மீட்டர் வரை கேட்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதன் வேட்டைக்களம் ஏறக்குறைய எட்டு ஏக்கர். பின்னணி 10 டெசிபல் ஏறினால் அந்தத் தூரம் சுமார் 32 மீட்டராகச் சுருங்கும். மிஞ்சுவது முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல். மரம் வெட்டப்படவில்லை, எலி குறையவில்லை, ஆனாலும் களம் போய்விட்டது. வடஅமெரிக்காவின் இன்னொரு சிறிய ஆந்தை இனத்தை வைத்துக் கூண்டில் செய்த சோதனையில், இரைச்சல் ஒவ்வொரு டெசிபல் கூடும்போதும் வேட்டை வெற்றி பெறும் வாய்ப்பு 8 விழுக்காடு குறைந்தது.

“விலங்குகளை விரட்டுவது வண்டியும் ஆள்கூட்டமும்தான், வெறும் சத்தம் என்ன செய்யும்?” என்று கேட்பவர்களுக்கு ஐடஹோ மாநிலத்தில் நல்ல பதில் கிடைத்தது. 2012-ஆம் ஆண்டு போய்சி நகருக்கு அருகில், சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்பீக்கர்களை வரிசையாகக் கட்டி, சாலைப் போக்குவரத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். நான்கு நாள் சத்தம், நான்கு நாள் அமைதி என்று மாற்றி மாற்றி. வலசை போகும் வழியில் இளைப்பாற இறங்கும் பறவைகளின் எண்ணிக்கை சத்தமுள்ள நாட்களில் கால் பங்குக்கு மேல் குறைந்தது. தங்கிய பறவைகளில் சில இனங்கள் உடல் தேறவில்லை. தலையைக் குனிந்து இரை பொறுக்கும் நேரத்தைக் குறைத்து, தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்ப்பதில் பொழுதைச் செலவிட்டதே காரணம். வருகிற பருந்தைக் காதால் அறிய முடியாத பறவை கண்ணால்தான் காவல் காக்க வேண்டும். காவல் காக்கும் நேரத்தில் அது உண்ண முடியாது.

மனிதக் குரல் இதைவிடக் கூர்மையாகத் தைக்கிறது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில், பூமா என்னும் மலைச்சிங்கம் அடித்துப் போட்ட மானுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து, வானொலிப் பேச்சு நிகழ்ச்சிகளின் குரல்களை ஒலிபரப்பினார்கள். பூமாக்கள் பெரும்பாலும் இரையை விட்டு ஓடின. அந்த இரையில் அவை உண்ணும் நேரம் பாதிக்கும் கீழே போனது. தவளைச் சத்தத்தை ஒலிபரப்பியபோது அவை அப்படி ஓடவில்லை. வயோமிங் மாநிலத்தின் பிரிட்ஜர்-டீட்டன் காட்டில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது. பேசிக்கொண்டு நடப்பவர்கள், மலைச்சைக்கிள் ஓட்டிகள், மோட்டார் வண்டிகள் ஆகியோரின் ஒலிப்பதிவுகளை விலங்குத் தடங்களில் ஒலிக்கவிட்டபோது, மான்கள் முதலான விலங்குகள் ஓடிவிடும் வாய்ப்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை கூடியது. எல்க் மான்கள் மிக எளிதில் மிரண்டன. கூடாரத்துக்குள் கைப்பேசியில் ஓடும் நாடகத்தின் வசனம், காட்டில் வாழும் உயிர்களின் காதுக்கு அங்கே நிற்கும் ஒரு மனிதன்தான்.

மாலை நேரத்துக்கு வருவோம், ஏனென்றால் பாட்டு வைக்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுதலாக. தேர்வடத்தை ஒரு பக்கத்தார் மட்டும் வேகமாக இழுத்தால் தேர் மறுபக்கமாகத் திரும்பும் அல்லவா, ஒலியலையும் அப்படித்தான் வேகம் குறைந்த பக்கம் வளைகிறது. பகலில் அது வானத்தை நோக்கி வளைந்து வீணாகிவிடும். பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழ். ஏரியின் மேல் குளிர்காற்று படிகிறது, அதற்கு மேலே பகலின் வெப்பம் தங்கியிருக்கிறது. மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே வருகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்து மறுகரைக்குப் போகிறது. பகல் 3 மணிக்கு எதிர்க்கரையில் கேட்காத சிரிப்பு இரவு 9 மணிக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்பது இதனால்தான். சியராவின் நெடுந்தூர நடைபாதையான ஜான் மியூர் பாதையில் நடப்பவர்கள் பலரும் இரவு தங்கும் தௌசண்ட் ஐலண்ட் ஏரி, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இத்தகைய திறந்த கிண்ணம் போன்ற இடம்.

கூடாரத்துணி காப்பாற்றும் என்று நம்புவதும் வீண். சுவர் ஒலியைத் தடுப்பது அதன் எடையால். செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளது. கூடாரத்தின் நைலான் ஐம்பது, அறுபது கிராம் இருந்தால் அதிகம். பார்வையை மறைப்பதால் உள்ளே இருப்பவருக்கு அது அறை போலத் தோன்றுகிறது. ஒலிக்கு அங்கே சுவரே இல்லை.

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பெருங்காடுகளின் இலக்கணத்தில் தனிமைக்கான வாய்ப்பையும் சேர்த்தது. மோட்டார் வாகனங்களையும் எந்திரக் கருவிகளையும் பெரும்பாலும் விலக்கி வைத்தது. தேசியப் பூங்காக்களில் ஒலிக்கென்றே ஒரு விதி உண்டு: 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம்முடைய 80 டெசிபல் ஸ்பீக்கரை இதில் பொருத்திப் பார்த்தால், 50 அடியில், அதாவது சுமார் 15 மீட்டரில், அது 56 டெசிபல்தான். எண்ணை மட்டும் பார்த்தால் அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும் பாட்டு விதிக்குள் அடங்கிவிடுகிறது! இதற்காகவே அந்த விதி, எண்ணுக்குக் கீழே இருந்தாலும் இடம், நேரம், நோக்கம் பார்த்து நியாயமற்ற சத்தத்தைத் தடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் சாலையிலிருந்து இரண்டு நாள் நடந்து சேரும் இடத்தில் வனக்காவலரை எங்கே தேடுவது? அங்கே சட்டத்தின் வேலையை நடப்பவர்களின் பழக்கவழக்கம்தான் செய்தாக வேண்டும். மலையேறிகளுக்கு அங்கே கற்பிக்கப்படும் ‘தடம் பதிக்காதே’ நெறிகள் ஏழு. ஏழாவது நெறி பிற பயணிகளை மதிப்பது. இயற்கையின் ஒலிகளே மேலோங்கட்டும் என்பது அதன் ஒரு பகுதி.

கரடி உள்ள காட்டில் சத்தம் போட்டு நடப்பதுதானே பாதுகாப்பு என்ற கேள்வி நியாயமானது. கிரிஸ்லி கரடிகள் உள்ள யெல்லோஸ்டோன் போன்ற இடங்களில் சத்தம் எழுப்பி நடக்கும்படி பூங்கா நிர்வாகமே சொல்கிறது. எதிர்பாராமல் மிக அருகில் மனிதரைக் காணும் கரடி தாக்கக்கூடும் என்பதுதான் காரணம். ஆனால் அந்த அறிவுரை கேட்பது பார்வை மறையும் வளைவுகளிலும், ஓடை இரைச்சலுக்குப் பக்கத்திலும், அடர்ந்த புதர்களுக்கு இடையிலும் எழுப்பும் குரலையும் கைதட்டலையும். இடைவிடாமல் பாடும் ஸ்பீக்கர் நம் காதையும் சேர்த்தே அடைத்துவிடும். புதருக்குள் உறுமலோ கிளை முறியும் ஓசையோ எழுந்தால் தெரியாது. இரு காதிலும் இயர்போன் மாட்டி நடப்பதும் அதே ஆபத்துதான். நடக்கும்போது பாட்டு இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு காதில் மட்டும், தாழ்ந்த ஒலியில் கேட்கலாம். கரடிக் காட்டில் அதையும் தவிர்ப்பது நல்லது. படுக்கும்போது கூடாரத்துக்குள் இரு காதிலும் மாட்டிக்கொண்டு விருப்பம்போல் எதையும் பார்க்கட்டும். அதில் யாருக்கும் நட்டமில்லை. பொழுதுபோக்கை விட்டுவரச் சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது, ஆசையும் கிடையாது.

2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்காவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 63 விழுக்காட்டில் மனித இரைச்சல் பின்னணி ஒலியை இரட்டிப்பாக்கியிருப்பதாகச் சொன்னது. டெசிபல் கணக்கில் அது அந்த மூன்றேதான். விமானம், சாலை, தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவையே பெரும் காரணங்கள். அவற்றோடு ஒப்பிட்டால் ஸ்பீக்கர் சிறியதுதான். ஆனால் விமானப் பாதையை மாற்றப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்படுகிறது, ஸ்பீக்கரை அணைக்க ஒரு விரல் போதும்.

விரல் அசையுமா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள மியூர் வுட்ஸ் என்னும் ரெட்வுட் மரக் காட்டில் கதீட்ரல் குரோவ் என்ற பகுதியை அமைதிப் பகுதியாக அறிவித்து, கைப்பேசியை அணைக்கவும் குரலைத் தாழ்த்தவும் கேட்டுப் பலகை மட்டும் வைத்தார்கள். அபராதம் எதுவும் விதிக்கவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் அந்த இடத்தில் ஒலி சுமார் 3 டெசிபல் குறைந்தது. அங்கே நின்று கேட்பவரின் கேட்கும் பரப்பு இருமடங்கானது.