ஹியூப்ரிஸ்: செருக்கா, மதர்ப்பா?

ஹியூப்ரிஸ் – கிரேக்கப் பெயர்ச்சொல். ஆங்கிலம் வழியாக வந்ததால் நாம் இப்படி உச்சரிக்கிறோம். பழைய கிரேக்கர் வாயில் ‘ஹுப்ரிஸ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்திருக்கும். அகராதியைத் திறந்தால் செருக்கு, ஆணவம், அகந்தை, இறுமாப்பு என்று வரிசை கட்டி நிற்கும். இலக்கிய வகுப்பில் இதோடு ஒரு வாய்பாடும் கிடைக்கும்: தலைவன் செருக்குற்றான், தெய்வம் சினந்தது, தலைவன் வீழ்ந்தான். தேர்வுக்கு இது போதும். ஆனால் பழைய ஏதென்ஸ்காரர் ஒருவரிடம் போய், “ஹியூப்ரிஸ் என்றால் மனசுக்குள் இருக்கும் கர்வம்தானே?” என்று கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார். அவருக்கு அது கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய குற்றம்.

ஏதென்ஸில் ஹியூப்ரிஸுக்கென்றே தனிச் சட்டம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை; குடிமகன் எவரும் தொடுக்கலாம். அடிமைக்கு இழைத்த கொடுமையும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. பெண்களை வன்முறையால் சீரழிப்பதும் இதே சொல்லால் குறிக்கப்பட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் டெமாஸ்தனிஸ் என்ற பேச்சாளர், திருவிழா நாளில், நாடக அரங்கில், ஊரே பார்த்திருக்க, மெய்டியஸ் என்பவரிடம் முகத்தில் குத்து வாங்கினார். அதைப் பற்றி அவர் எழுதிய உரையின் சாரம்: அடி வலிக்கவில்லை, அடித்தவனின் பார்வையும் குரலும் தோரணையும்தான் சுட்டன. ஹியூப்ரிஸின் உயிர்நிலை அந்தத் தோரணையில் இருக்கிறது.

அரிஸ்டாட்டில் இதை இன்னும் கறாராகச் சொல்கிறார். ஆதாயம் கருதியோ பழிக்குப் பழியாகவோ செய்தால் அது ஹியூப்ரிஸ் அல்ல. அடுத்தவரைத் தலைகுனிய வைத்து, அந்த இன்பத்துக்காகவே செய்வதுதான் ஹியூப்ரிஸ். இளைஞரும் பணக்காரரும் இதில் முன்னிற்பார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். தங்களை உயர்ந்தவர்களாக உணர்வதற்கு அவர்களுக்கு இது ஒரு வழி. டெமாஸ்தனிஸ் எழுதிக் கொடுத்த இன்னொரு வழக்குரையில் இதற்கு ஒரு படமே இருக்கிறது. கோனன் என்பவரும் கூட்டாளிகளும் அரிஸ்டன் என்ற இளைஞனை அடித்துச் சேற்றில் தள்ளி, மேலாடையை உருவிக்கொள்கிறார்கள். பிறகு கோனன், சண்டையில் வென்ற சேவல்போல முழங்கைகளை விலாவில் அடித்துக்கொண்டு கூவுகிறான். வழக்கு என்னவோ சாதாரண அடிதடி வழக்காகத்தான் போடப்பட்டது. ஆனால் நடந்தது ஹியூப்ரிஸ் என்று காட்ட அந்தக் கூவல் ஒன்றே போதும். தமிழில் நாம் ‘கொக்கரித்தான்’ என்று எழுதும்போது அதே சேவலைத்தான் கூப்பிடுகிறோம்.

இந்தச் சொல்லின் வேர் எது என்பதில் மொழியியலாருக்குள் உடன்பாடு இல்லை. அது எதிலிருந்து முளைக்கிறது என்பதில் கிரேக்கருக்கு ஐயமே இருக்கவில்லை. ‘கோரோஸ்’, அதாவது வயிறு நிறைந்து தெவிட்டிய நிலை, ஹியூப்ரிஸைப் பெறுகிறது. அதுவும் மனம் பக்குவப்படாதவனிடம் பெருஞ்செல்வம் சேரும்போது. இது ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த கவிஞர் சோலோனின் பாட்டு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்து வீடு. ‘தின்ன கொழுப்பு’ என்று பாட்டி திட்டினாளே, அதற்கு இன்னும் நெருக்கம்.

செடிகொடிக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதும்போது, காய்க்காமல் செழித்துக்கொண்டே போகும் பாதாம் மரத்தில் இரும்பு முளை அடிக்கும் வழக்கத்தைச் சொல்கிறார். மரம் ஹியூப்ரிஸ் செய்கிறதாம்; அதனால் இதை ‘மரத்தைத் தண்டிப்பது’ என்று சிலர் அழைப்பார்களாம். எனக்கு இந்தப் பாதாம் மரம்தான் நாடக வாய்பாட்டைவிடப் பெரிய திறவுகோல். உரம் மிஞ்சிப்போய், பலன் தராமல், தன் எல்லைக்கு வெளியே தழைப்பது.

இதை வைத்துக்கொண்டு நாடகங்களுக்குப் போனால் பல இடங்கள் துலங்குகின்றன. கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்கள்’ நாடகத்தை அரங்கேற்றினார். கிரேக்கர் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகள். பார்த்தவர்களில் பலர் அந்தப் போரில் துடுப்புப் போட்டவர்களாக இருந்திருப்பார்கள். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பான்ட் நீரிணைக்கு விலங்கு மாட்டுவதுபோலப் பாலம் கட்டியவன் பாரசீக மன்னன் செர்க்சஸ். முதலில் கட்டிய பாலம் புயலில் உடைந்தபோது கடலுக்கு 300 சவுக்கடி கொடுக்கச் சொன்னான் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். நாடகத்தில் அவனுடைய இறந்துபோன தந்தை டாரியஸின் ஆவி எழுந்து வந்து, மகன் செய்த காரியத்துக்கு ஹியூப்ரிஸ் என்று பெயரிடுகிறது. பெயரிடும்போது எடுத்துக்கொள்ளும் உவமை, பயிர். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

சோஃபக்கிளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் இந்தச் சொல் நல்லவளான நாயகி ஆன்டிகனி மேலேயே விழுகிறது. தடையை மீறி அண்ணனின் உடலுக்கு மண் தூவியது ஒரு ஹியூப்ரிஸ், செய்துவிட்டுப் பெருமையடித்துச் சிரிப்பது இரண்டாவது ஹியூப்ரிஸ் என்று குற்றம் சாட்டுகிறான் அரசன் கிரேயான். கடைசியில் மகனையும் மனைவியையும் இழந்து நிற்பவன் அவனே. ஆக, இது எப்போதும் நாடகாசிரியர் வழங்கும் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாத்திரங்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசும் குற்றச்சாட்டாகவும் வரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். துன்பியல் தலைவனின் வீழ்ச்சிக்கு அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் காட்டும் காரணம் ‘ஹமார்தியா’. குறி தவறுதல் என்பது அதன் அடிப்பொருள். பிழை என்று பெயர்க்கலாம். சோஃபக்கிளிஸின் இன்னொரு நாடகத் தலைவன் ஈடிபஸ் தன் தந்தையைத் தந்தை என்று அறியாமல் கொன்றது அந்த வகை. பிற்காலத்தார் ஹமார்தியாவையும் ஹியூப்ரிஸையும் ஒன்றாகக் குழைத்து, ‘செருக்கே தலைவனின் குறை’ என்று பாடம் ஆக்கிவிட்டார்கள். ஹியூப்ரிஸோடு ஜோடி சேர்க்கப்படும் ‘நெமெசிஸ்’ வெறும் பழிவாங்கல் அல்ல. ‘பங்கிடு’ என்னும் வினையோடு உறவுள்ள சொல். அவரவர்க்கு உரிய அளவை மிஞ்சியவரிடம் கணக்குத் தீர்ப்பவள் அந்தத் தெய்வம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆணவத்தை நான் முதலில் தள்ளிவிடுவேன். சைவ சித்தாந்தத்தில் அது மும்மலங்களுள் ஒன்று, அந்தச் சுமையை ஏதென்ஸுக்குத் தூக்கிப் போக முடியாது. அகங்காரத்துக்கும் இதே சிக்கல். செருக்கு நல்ல சொல், ஆனால் உள்ளே இருப்பதைச் சொல்கிறதே தவிர வெளியே நடந்ததைச் சொல்லவில்லை. வழக்குரைகளை மொழிபெயர்ப்பவருக்கு ‘மானபங்கம்’ கைகொடுக்கும்: அவமதிப்பு, பாலியல் வன்முறை இரண்டையும் அந்தச் சொல் ஏற்கெனவே சுமக்கிறது. பொதுவான இடங்களுக்கு வள்ளுவர் ஒன்று வைத்திருக்கிறார். ‘மிகுதியான் மிக்கவை செய்தாரை’ என்ற குறளில் (158) உள்ள ‘மிகுதி’க்குப் பரிமேலழகர் மனச்செருக்கு என்று உரை சொல்கிறார். நிறைவு, அதனால் வரும் திமிர், அந்தத் திமிரில் செய்யும் கொடுமை மூன்றும் அந்த மூன்று சீர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே குறை: இன்று ‘மிகுதி’ என்று எழுதினால் மீதிச் சில்லறை நினைவுக்கு வரும்.

நாடகத்துக்கு என் தேர்வு ‘மதர்ப்பு’. மதர்த்தல் என்றால் செழித்தல், இறுமாத்தலும் அதுவே. மதர்விழி என்று கண்ணுக்கு மட்டும் எழுதி எழுதிக் கவிஞர்கள் அதைக் குறுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பாதாம் மரத்துக்கும் பொருந்துகிறது, செர்க்சஸுக்கும் பொருந்துகிறது. டாரியஸின் ஆவி சொல்வதை இப்படிப் பெயர்த்துப் பார்த்தேன்: “மதர்ப்பு பூத்தது, கேடு கதிர் பிடித்தது; அறுப்பதெல்லாம் அழுகை.”