விட்டுவிட்டு வந்த முதல் மாதம்

ஹெராயின் பழக்கத்தில் உயிருக்கு ரொம்ப ஆபத்தான காலங்களில் ஒன்று, அதை விட்டுவிட்டு வீடு திரும்பிய முதல் சில வாரங்கள். பல நாட்டு ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரமும் அப்படித்தான்.

ஹெராயின் மூளைக்குள் போனதும் மார்பினாக மாறி, மூச்சு விடச் சொல்லும் பகுதியை மந்தமாக்குகிறது. தினமும் எடுப்பவரின் உடம்பு அதற்குப் பழகி, பெரிய அளவையும் தாங்கும். சில நாள் நிறுத்தினாலே தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கும். ஆசை மட்டும் இறங்காது. ஒருநாள் சபலப்பட்டு பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம்.

தஞ்சை, திருவாரூர் பக்கத்திலிருந்து என்னிடம் வருபவர்களில் ஹெராயின் எடுத்தவர்கள் குறைவு. வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் பழகியவர்கள். அதிகம் பார்ப்பது டேபென்டடால் வலி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் பையன்களை. இதுவும் ஹெராயின் போல ஓபியாய்டு, அதாவது அபினி போல வேலை செய்யும் மருந்துக் குடும்பம்தான், ஆபத்தும் அதே வகை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். கையை மடித்துக் காட்டச் சொன்னால், முழங்கை மடிப்பில் நரம்பு கயிறாகத் தடித்திருக்கும், பக்கத்தில் சீழ்க்கட்டி. கரையாத மாத்திரைத் தூள் செய்கிற வேலை அது. ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் கூடவே வரலாம்.

கூட்டி வரும் அம்மாக்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "பத்து நாள் உள்ள வச்சு சுத்தம் பண்ணி விடுங்க டாக்டர், அப்புறம் கோயில்ல கயிறு கட்டிடுறோம்." கட்டட்டும், மனசுக்கு அது தெம்புதான். ஆனால் அந்தப் பத்து நாள் சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடம்பு முறிகிற வலி எல்லாம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். மூளையின் ஏக்கம் மாதக்கணக்கில் நிற்கும்.

அதற்குத்தான் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை. 1965-ல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற இதே வகை மருந்தைக் கொடுத்துக் காட்டிய வழி இது. 'இதுவும் போதைதானே?' என்ற கேள்வி எனக்குப் பழகிப்போனது. சரியான அளவில் எடுப்பவருக்குக் கிறக்கம் வராது, ஏக்கமும் வாட்டாது. காலையில் மாத்திரையை எடுத்துக்கொண்டு சென்ட்ரிங் வேலைக்குப் போகலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மெத்தடோனில் இருக்கும் காலத்தில் இறப்பு, மருந்தை விட்ட காலத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். புப்ரெனார்ஃபினில் பாதிக்கும் குறைவு. ஆகவே 'தாளடி அறுப்போடு நிறுத்திடலாமா' என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. நிறுத்துவதை மருத்துவரோடு பேசி, மெதுவாகச் செய்ய வேண்டும்.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுக்குள் 2.06 சதவீதம் பேர் ஏதாவது ஒரு ஓபியாய்டை எடுப்பதாகத் தெரிந்தது. பஞ்சாப் சமாச்சாரம் என்று நம் ஊரில் ஒதுக்கிவிட முடியாது.

போலீஸ் பயத்தில்தான் பலர் ஒளிக்கிறார்கள். தன் உபயோகத்துக்குச் சிறிய அளவில் வைத்திருந்தவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எங்கே போவது என்று கேட்க 14446 இலவச எண்.

பையன் எழுப்பினாலும் எழவில்லை, உதடு நீலம், குறட்டை போல விட்டுவிட்டு மூச்சு என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன எடுத்தான் என்பதை வந்தவர்களிடம் மறைக்காதீர்கள். ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் ஊசி நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் வேகம் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்து, மூச்சு மறுபடி மந்தமாகலாம். கண் விழித்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.