பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நம்பி ஸ்கிம்மர் வாங்காதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டிகளை வீடு வீடாகச் சென்று பராமரிப்பது என் தொழில். அண்மையில் சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கண்டது, பல வீடுகளில் பார்த்துச் சலித்த அதே கதைதான். இரண்டடித் தொட்டி, அதில் இரண்டு கோமாளிமீன்கள், ஓர் இறால், கொஞ்சம் மென்பவளங்கள். கீழே அலமாரிக்குள், 400 லிட்டர் தொட்டிக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த புரோட்டீன் ஸ்கிம்மர்; அதாவது, காற்றுக்குமிழிகளால் நீரிலுள்ள கழிவை நுரையாக்கி, கழுத்து வழியே மேலேற்றி, ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. வாங்கிய நாள் முதல் கோப்பையில் ஒன்றும் சேரவில்லையே என்று வீட்டுக்காரர் வால்வைத் திருகித் திருகி உள்நீர்மட்டத்தை உயர்த்தியிருக்கிறார். அதன்பின் கோப்பை நாள்தோறும் நிரம்பியது; அவருக்கும் நிம்மதி. ஆனால் நிரம்பியது அழுக்கன்று, தெளிந்த உப்புநீர். அதை அவர் கீழே ஊற்ற ஊற்ற, குறைந்த அளவைத் தானியங்கி நிரப்பி நன்னீரால் ஈடுசெய்துகொண்டே இருந்தது. 1.025 என இருக்கவேண்டிய நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.019-க்கு இறங்கிவிட்டது. பவளங்கள் சுருங்கியதற்கு விளக்குதான் காரணம் என்று முடிவுகட்டி, புதிய விளக்கு ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்.

பெரியதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணத்தை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. வடிகட்டிக்கு அது ஓரளவு பொருந்தும், ஸ்கிம்மருக்குப் பொருந்தாது. நுரை நிலைத்து நின்று கழுத்து வழியே ஏறவேண்டுமானால், அதைத் தாங்கும் அளவுக்கு நீரில் கரிமக் கழிவு இருக்கவேண்டும். இரண்டு சிறு மீன்கள் ஒரு நாளில் தரும் கழிவு, அகன்ற கழுத்துள்ள பெரிய ஸ்கிம்மரில் நுரையாகத் திரள்வதற்குள் உடைந்து மீண்டும் நீரிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே கோப்பை உலர்ந்து கிடப்பதைக் கருவியின் கோளாறு என்று எண்ணாதீர்கள். உங்கள் தொட்டியில் அதற்குத் தீனி போதவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் உள்ள அந்த எண்ணுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் மீன் குறைவாக உள்ள தொட்டியை மனத்தில் வைத்து 200 லிட்டர் என்பார். இன்னொருவர் மீன் நிறைந்த தொட்டிக்கே 200 லிட்டர் என்பார். இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றில் பாதிகூட இராது. சில நிறுவனங்கள் குறைந்த சுமை, நடுத்தரச் சுமை, மிகுந்த சுமை என மூன்று எண்களைத் தருகின்றன. மிகுந்த சுமைக்கான எண் உங்கள் தொட்டியின் உண்மையான நீரளவை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருந்தால் போதும். உண்மையான நீரளவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி கணக்குப்படி ஏறத்தாழ 65 லிட்டர்; மணலும் பாறையும் போட்டு, விளிம்பில் இடைவெளி விட்டபின் மிஞ்சுவது 50 லிட்டர் அளவுதான். ஒரே எண் மட்டும் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, மணிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது, கழுத்தின் விட்டம் என்ன, பம்ப் எத்தனை வாட் என்று கேளுங்கள். நம் ஊர் வெப்பத்தில், 25 வாட் பம்ப் ஒன்று 50 லிட்டர் நீருக்குள் இரவும் பகலும் ஓடினால் அந்தச் சூட்டையும் நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் சுமக்கவேண்டும். மின்கட்டணம் வரும்போது என்னைத் திட்டவேண்டாம்.

ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது. நைட்ரேட்டாக மாறக்கூடிய கழிவில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கும். நீர் மாற்றும் வேலை உங்களுக்கு இருந்துகொண்டேதான் இருக்கும். இன்னும் சொல்லப்போனால், மீன் குறைவாக உள்ள 50 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் ஆறேழு லிட்டரை ஒழுங்காக மாற்றுபவருக்கு ஸ்கிம்மரே தேவையில்லை. இப்படிச் சொல்வதால் எனக்கு வியாபாரம் இல்லை என்றாலும் உண்மை அதுதான்.

வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால், கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுத்து அலமாரியின் உள்ளுயரத்தை அளந்துகொள்ளுங்கள். கோப்பையைக் கழற்றி மேலே தூக்க இடமில்லாமல் தவிக்கும் வீடுகள் ஏராளம். சம்பில், அதாவது தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில், வைப்பதானால் ஸ்கிம்மர் நிற்கும் தடுப்பறையின் நீர்மட்டம் ஏறி இறங்காமல் நிற்கவேண்டும். பின்புறம் தொங்கவிடும் வகையானால் கண்ணாடியின் தடிப்பையும், தொட்டிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்காவுக்கெனச் செய்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பம்பை வரவழைக்காதீர்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்த மாற்றி வைத்தாலும் அது அதிர்வெண்ணை மாற்றாது; சாதாரண பம்ப் மெதுவாகச் சுழன்று காற்றைக் குறைவாகவே இழுக்கும்.

பொருத்திய முதல் சில நாள்கள் நுரை ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். தயவுசெய்து அந்த நாள்களில் மணிக்கொரு முறை திருகாதீர்கள். கோப்பையில் கோப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் சிறிதளவு சேர்ந்தாலே கருவி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். கழுத்தில் படியும் பிசுபிசுப்பை மூன்று நாள்களுக்கு ஒருமுறையாவது துடையுங்கள். அந்தப் பிசுக்கே நுரையை உடைக்கும். குழாய்நீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்க்கும் குளோராமினை நீக்க ஊற்றும் மருந்துகளில் சில ஸ்கிம்மரைப் பொங்கி வழியச் செய்யும். நீர் மாற்றிய அன்று அது பொங்கினால் பதறவேண்டாம், சில மணிநேரம் நிறுத்தி வையுங்கள்.

கதவையும் சன்னலையும் அடைத்துக் குளிரூட்டி போட்ட அறையில் கரியமில வாயு கூடி நீரின் பி.எச். அளவு இறங்கும் என்பதால், காற்றிழுக்கும் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டுமாறு நானே பலருக்குச் சொல்வதுண்டு. அப்படி நீட்டியவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. புளோக்கைச் சுற்றிக் கொசுமருந்து புகை அடிக்கும்போது ஸ்கிம்மர் அந்தப் புகையை நேராகத் தொட்டிக்குள் இழுத்துக்கொள்ளும். அதில் பெரும்பாலும் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. அறிவிப்பு ஒட்டியிருப்பதைக் கண்டால் அன்று ஸ்கிம்மரை நிறுத்துங்கள், சன்னலை மூடுங்கள், புகை முற்றிலும் கலைந்த பிறகே மீண்டும் போடுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் வாரத்தில் புதிய ஸ்கிம்மரைப் பொருத்தச் சொல்லி யாரும் என்னை அழைக்கவேண்டாம். திரும்பி வந்த பிறகு அழையுங்கள். அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அளவு பொருந்தாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளவாவது வழியிருக்கும்.